கொக்கு எல்லிஸின் இடது முழங்கை

எல்லிஸ் டாக்கெட்டின் கால்கள் எவ்வளவு நீளம் என்றால், தேவாலயத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து அவன் காலை நீட்டினால் பிரசங்க மேடையில் நிற்கும் பாஸ்டர் தடுக்கி விழுவார். பந்தை எறிவதற்கு முன் அவன் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஊர்க்காரர்கள் அவனுக்குக் கொக்கு என்று பெயர் வைத்தார்கள். பெற்ற தாயே கொக்கு என்றுதான் சாப்பிடக் கூப்பிடுவாள்.

எங்கள் ஊர் கால்டர். ஓக்லஹோமாவின் மேற்கு மூலை. கோதுமையும் காற்றும் பேஸ்பாலும் தவிர இங்கே வேறு விளைச்சல் கிடையாது. காற்றடிக்கும் நாளில் என் கடையில் ஒருவருக்கு முடி வெட்டினால் பக்கத்து ஜில்லாவில் ஒரு மொட்டைத் தலையருக்கு முடி முளைத்துவிடும். என் முடிவெட்டும் கடை மைதானத்தின் கிழக்கு வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது. அதனால் எல்லிஸின் கதையில் பாதியை என் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் சொன்னார்கள், மீதியை என் ஜன்னல் சொன்னது.

வாலிபத்தில் அவன் எறிந்த பந்து கண்ணுக்குத் தெரியாது. பந்தைப் பிடிக்க உட்கார்ந்திருப்பவனின் கையுறையில் அது விழும் சத்தத்தை வைத்துத்தான், ஓஹோ, எறிந்துவிட்டான் என்று தெரிந்துகொள்வோம். அந்தக் கையுறைக்காரன் டச் ப்ரூயிட். அவன் உள்ளங்கை எப்போதும் சுட்ட பன்றித் தொடை நிறத்தில் இருக்கும். அவர்கள் இருவரும் ஒரே வகுப்பில் படித்து ஒரே வகுப்பில் நின்றவர்கள். நானும் அந்த வகுப்புதான். எனக்கு அந்த வகுப்பு ரொம்பப் பிடித்துப்போனதால் இன்னும் ஒரு வருஷம் அதிலேயே இருந்தேன்.

வெர்னா லிண்ட்க்விஸ்ட் டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்தாள். அந்தக் காலத்தில் ஊரில் யார் யாரோடு பேசுவதென்றாலும் அவள் கம்பியைச் செருகினால்தான் பேச்சு. ஒருவர் தும்மினாலே பெயர் சொல்லிவிடுவாள். எல்லிஸுக்குக் கூப்பிட ஆளே கிடையாது. ஆனாலும் தினமும் டெலிபோனை எடுப்பான்.

"நம்பர் சொல்லுங்க."

"நம்பர் எதுவும் இல்லீங்க. சும்மா எடுத்தேன்."

"சும்மா சும்மா பிடிச்சு இழுக்கிறதுக்கு இது என்ன உங்க வீட்டு மாட்டு வாலா?"

"மாடு இவ்வளவு நல்லாப் பேசாதுங்க."

அந்த மாட்டுப் பேச்சில் ஆரம்பித்தது. அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்துக்கு வந்து, மூன்றாவது பேஸுக்குப் பின்னால் ஒரே இடத்தில் உட்காருவாள். அவளுடைய அப்பாவுக்கு எல்லிஸைக் கண்டால் ஆகாது. அதனால் இருவரும் ஒரு சைகை வைத்துக்கொண்டார்கள். பேஸ்பாலில் சைகை இல்லாமல் எதுவும் நடக்காது. மூக்கைத் தொட்டால் ஒன்று, பெல்ட்டைத் தொட்டால் ஒன்று. எல்லிஸ் எறிவதற்கு முன் பந்தை எடுத்து இடது முழங்கையில் இரண்டு முறை தேய்ப்பான். ஆட்டம் முடிந்ததும் கிழக்கு வாசலில் நில்லு, வந்துவிடுகிறேன் என்று அதற்கு அர்த்தம். இது தெரியாமல், அந்தத் தேய்ப்புக்குப் பிறகு பந்து வளையுமா, தாழுமா என்று யோசித்தே பக்கத்து ஊர் அணிகளெல்லாம் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டன. எனக்கு வியாபாரம் படுத்துவிட்டது.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எறிபவன் ஒருவன், எதிரணிக்கு உருப்படியாக ஒரு அடிகூடக் கொடுக்காமல் ஆட்டத்தின் பாதியைத் தாண்டிவிட்டான் என்று வையுங்கள். அதற்குப் பிறகு சொந்த அணியில் ஒருவன்கூட அவனோடு பேசக் கூடாது. பக்கத்தில் உட்காரக் கூடாது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கக் கூடாது. பேசினால் அதிர்ஷ்டம் வாய் வழியாக ஓடிவிடும். அவன் சட்டையில் தீப்பிடித்தாலும் ஆட்டம் முடிந்த பிறகுதான் சொல்வோம். இதைச் சட்டமாக யாரும் எழுதவில்லை. அதனால்தான் யாரும் மீறுவதில்லை.

அந்த ஞாயிறு எல்லிஸ் அப்படித்தான் எறிந்துகொண்டிருந்தான். எதிரே வந்தவர்கள் மட்டையை விசிறி விசிறி, எங்களுக்கு நல்ல காற்று வந்தது. பெரிய லீக்கிலிருந்து ஆள் பொறுக்க வந்த ஒருவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெர்னாவின் இடம் மட்டும் காலியாக இருந்தது. தாமதமாக வருவாள் போல என்று எல்லிஸ் அந்தக் காலி இடத்தைப் பார்த்தே முழங்கையைத் தேய்த்தான்.

அவள் கிழக்கு வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள், கையில் பெட்டியோடு. அவளுடைய அப்பா நிலத்தை விற்றுவிட்டார். குடும்பம் கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பிவிட்டது. மூலையில் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. அவள் வாசல்காரர் ஆர்வில் கிழவரிடம் சொல்லி அனுப்பினாள்.

"எல்லிஸ்கிட்ட சொல்லுங்க. இருன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் இருந்துடறேன். வர முடியலன்னா தொப்பியத் தூக்கிக் காட்டட்டும், அது போதும்."

ஆர்வில் பெஞ்சு வரைக்கும் ஓடினார். அவர் ஓடினார் என்பதே ஊர் நம்பாத செய்தி. எல்லிஸ் பெஞ்சின் ஒரு கோடியில் துண்டால் தலையை மூடிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான். ஆர்வில் வாயைத் திறப்பதற்குள் டச் தன் கையுறையால் அவர் வாயைப் பொத்தினான்.

"பெருசு, ஒரு எழுத்து வெளிய வந்துது, உன்னப் பந்தாக்கி எறிஞ்சுடுவேன்."

"டேய், அந்தப் பொண்ணு வாசல்ல..."

"ஆட்டம் முடியட்டும்!"

ஆட்டம் முடிந்தது. ஒரு அடி இல்லை. ஊர் மைதானத்துக்குள் பாய்ந்தது. எல்லிஸைத் தோளில் தூக்கிக்கொண்டு, மதுக்கடை அந்தப் பக்கம் இருந்ததால், மேற்கு வாசல் வழியாக ஓடினார்கள். தோள் மேலிருந்து அவன் "கிழக்கு! கிழக்கு!" என்று கத்தினான். வெற்றி முழக்கம் என்று நினைத்து எல்லோரும் கூடச் சேர்ந்து "கிழக்கு! கிழக்கு!" என்று கத்தினார்கள்.

அவன் இறங்கி ஓடி வந்தபோது வாசலில் புழுதிதான் இருந்தது. ஆர்வில் சொன்னதைக் கேட்டுவிட்டு, யாருடைய லாரி என்றுகூடப் பார்க்காமல் ஏறி ராத்திரி முழுக்க மேற்கே ஓட்டினான். பஸ்ஸைப் பிடிக்க முடியவில்லை. பிறகு கலிஃபோர்னியாவுக்கே போய்ப் பழத்தோட்டங்களில் கேட்டுப் பார்த்தான். லிண்ட்க்விஸ்ட்டா, அப்படியா, தெரியாதே என்றார்கள். கலிஃபோர்னியா என்ன கால்டரா, தும்மினால் ஆளைக் கண்டுபிடிக்க?

ஆள் பொறுக்க வந்த தொப்பிக்காரர் அவனைப் பெரிய லீக்குக்குக் கூட்டிப்போனார். அங்கே அவன் ஒரே ஒரு கோடை காலம் ஆடினான். ஆனால் அது எப்பேர்ப்பட்ட கோடை! கடைசிப் பெரிய ஆட்டத்தில், எறியும்போதே கையில் எலும்பு முறிந்தது. முறிந்த சத்தம் ரேடியோவில் கேட்டது என்று எங்கள் ஊரில் எல்லோரும் சத்தியம் செய்வார்கள், அன்றைக்கு ரேடியோ இல்லாதவர்களும். முறிந்த கையோடு மிச்சமிருந்த ஆட்களையும் அவுட்டாக்கிவிட்டுத்தான் பந்து எறிகிற மேட்டிலிருந்து இறங்கினான். அதோடு சரி. ஊர் திரும்பி டிராக்டர் பழுதுபார்க்கும் கொட்டகை போட்டான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிளறிப் பார்த்தால், "என் காலுக்கு ஏத்த கட்டில் கிடைக்கல" என்பான்.

டச்சோடு அவன் சண்டை போடவில்லை. எல்லாவற்றையும் பேசுவான், அந்த ஒன்றைத் தவிர. டச்சும் பேச மாட்டான். அவர்கள் இருவரும் என் கடையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், நடுவில் மூன்றாவதாக ஒரு ஆள் பெட்டியோடு உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும்.

அப்படியே தலை நரைத்தோம். எனக்கு நரைக்கவும் முடி இல்லை. ஒரு வசந்த காலத்தில் சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள்.

பந்து எறிபவன் கதை என்றால் சினிமாக்காரர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும். அந்த மாதிரிப் படங்கள் நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஏழைப் பையன், வைக்கோல் கொட்டகைச் சுவர், குடிகார அப்பா, கைக்கு ஒரு கேடு, மழை, கடைசிப் பந்து. எறிபவனின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்வார்கள். முறிந்த கையோடு ஆடிய எல்லிஸ் அவர்களுக்குக் கொழுத்த வான்கோழி. ஆனால் எல்லிஸ் ஏன் சரி என்றான்? அவன் வாயைத் திறக்காதவன். பத்திரிகைக்காரன் வந்தால் டிராக்டருக்கு அடியில் படுத்துக்கொள்பவன்.

சவரம் செய்யும்போது கேட்டேன்.

"என்னடா, இந்த வயசுல உனக்கு ஹாலிவுட் ஆசை?"

"சினிமா எல்லா ஊருக்கும் போகும் இல்ல?"

"போகும்."

"கலிஃபோர்னியாவுக்கும்?"

"அங்க இருந்துதானேடா வருது."

"ம்" என்றான். அவ்வளவுதான். என் கத்தி அவன் தொண்டையில் இருந்தது. அதை எடுத்து, துடைத்த கத்தியையே மறுபடி துடைத்தேன்.

டைரக்டர் க்ரெய்க் ஸ்டோடர்ட் என்ற இளைஞன். வெயில் இல்லாத இடத்திலும் கறுப்புக் கண்ணாடி போடுகிறவன். எல்லிஸ் அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "தம்பி, அந்தப் பொண்ணு வாசல்ல நின்னதையும், எனக்கு யாரும் சொல்லலங்கறதையும் படத்துல வைங்க."

"சார், அத வெச்சா ஜனங்க அழுதுகிட்டே வீட்டுக்குப் போவாங்க. பொண்ணு கடைசில கேலரியில உக்காந்து கை தட்டணும். பேரு பெட்டி. எல்லாம் எழுதியாச்சு."

"என் கதையில பெட்டின்னு யாரும் இல்லியே?"

"இனிமே இருக்காங்க சார்."

எல்லிஸ் தன் கொட்டகைக்குத் திரும்பிவிட்டான். ஆனால் அவர்களுக்கு ஒரு தொல்லை வந்தது. எல்லிஸாக நடிக்க வந்த பையன் சிலை மாதிரி இருந்தான். பந்து எறிந்தால் கோழி விரட்டுவது மாதிரி இருந்தது. அவன் பந்தைப் பிடித்த விதத்தைப் பார்த்துக் கேமராக்காரரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். கையை மட்டும் கிட்டத்தில் காட்டும் இடத்துக்கு எல்லிஸையே கூப்பிட்டார்கள். எறிய வேண்டாம், பிடித்தால் போதும்.

நாங்களெல்லாம் கூலிக்குக் கேலரியில் உட்கார்ந்து ஐம்பதுகளின் தொப்பியில் வியர்த்துக்கொண்டிருந்தோம். கேமரா ஓடியது. எல்லிஸ் பந்தை எடுத்தான். இடது முழங்கையில் இரண்டு முறை தேய்த்தான். பிறகு பிடித்தான்.

"கட்! சார், அந்தத் தேய்ப்பு வேண்டாம். நேரா பிடிங்க."

"சரி தம்பி."

மறுபடி ஓடியது. மறுபடி தேய்த்தான்.

"சார்!"

"மன்னிச்சுக்கங்க. பழக்கதோஷம்."

மத்தியானச் சாப்பாடு ஆறியது. கேமராவில் படச்சுருள் தீர்ந்து இன்னொன்று போட்டார்கள். ஒவ்வொரு முறையும் எல்லிஸ் பணிவாக மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் தேய்த்தான். முழங்கை தேய்ந்து அவன் கை குட்டையாகிவிடும் என்று பயந்தேன். என் பக்கத்தில் டச் உட்கார்ந்திருந்தான். அந்தச் சைகையின் அர்த்தம் டச்சுக்கும் எனக்கும் தவிர அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. டச் தொப்பியை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டான். வெயில் சாய்ந்ததும் டைரக்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் தரையில் எறிந்தான். அன்றைக்கு அவர்கள் கூட்டத்தில் ஒழுங்காக எறிந்தவன் அவன் ஒருவன்தான்.

படம் எங்கள் ஊர் தியேட்டருக்கு வந்தபோது எல்லிஸ் எனக்கும் டச்சுக்கும் நடுவில் உட்கார்ந்தான். பெட்டி வந்தாள், சிரித்தாள், கை தட்டினாள். எல்லிஸ் கொட்டாவி விட்டான். பிறகு அந்த இடம் வந்தது. அவன் கை என் தொடையைப் பிடித்தது. தேய்ப்பை வெட்டியிருப்பார்களா? தேய்ப்பு இல்லாத ஒரு துண்டுகூட அவர்களிடம் இல்லையே, எதை வைத்து வெட்டுவார்கள்? திரை நிறைய ஒரு கை வந்தது. சிவப்புத் தையல் போட்ட பந்து. முழங்கையில் ஒன்று, இரண்டு. கண் சிமிட்டும் நேரம்தான். எல்லிஸ் என் தொடையை விட்டான். நீலம் பாரித்தது ஒரு மாசம் இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் கொட்டகையைப் பூட்டிவிட்டுக் கிழக்கு வாசலுக்கு வந்து உட்காருவான். சட்டை மாற்றியிருப்பான். தலை வாரியிருப்பான். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும்.

"யாருக்குடா காத்திருக்கே? இந்தப் பக்கம் பஸ்ஸ நிறுத்தி எவ்வளவு காலமாச்சு!"

"யாருக்கும் இல்ல. காத்து வாங்கறேன்."

"இந்த ஊர்லயா? ஓசியில அள்ளி மூஞ்சியில அடிக்குதே, அத வாங்க வேற செய்யணுமா?"

சிரிப்பான். ரோட்டில் வெளியூர் கார் ஒன்று வேகத்தைக் குறைத்தால் மட்டும் எழுந்து நிற்பான். அது வழி கேட்டுவிட்டுப் போகும். கோதுமை பழுத்தது, அறுத்தார்கள், மறுபடி விதைத்தார்கள். படம் எல்லா ஊர்களிலும் ஓடி முடிந்து, டெலிவிஷனிலேயே போட ஆரம்பித்துவிட்டார்கள். அவன் தலை வாரிக்கொண்டு வந்துகொண்டேதான் இருந்தான். நான் அவனைக் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டேன். நான் கிண்டலை நிறுத்தினால் விஷயம் எவ்வளவு முற்றிவிட்டது என்று பாருங்கள்.

அடுத்த கோடையில் ஒரு சனிக்கிழமை. எங்கள் ஊர் அணிக்கும் பக்கத்து ஊர் அணிக்கும் ஆட்டம். டச்தான் இப்போது அணியின் மேனேஜர். எறிபவர்களைப் பார்த்துக்கொள்ள எல்லிஸ் பெஞ்சில் இருப்பான். ஊரே உள்ளே இருந்தது. கடையில் நானும், மறுநாள் பிரசங்கத்துக்காகச் சவரம் செய்ய வந்த பாஸ்டர் ஹோபர்ட்டும் மட்டும். மைதானத்தின் ஒலிபெருக்கி கடை வரை கேட்டது. எங்கள் அணியில் எறியும் பையன் ட்வெய்ன் பாதி ஆட்டத்தைத் தாண்டிவிட்டான், ஒரு அடி கொடுக்கவில்லை. ஒலிபெருக்கிக்காரரே குரலைத் தாழ்த்திக்கொண்டார். பாஸ்டரின் ஒரு கன்னம் முடிந்தது. மறு கன்னத்தில் சோப்பு நுரை. போன் அடித்தது.

"கிழக்கு வாசலுக்கு எதிர்ல இருக்கற முடிவெட்டற கடையா?"

"ஆமாம்மா. மொட்டையா, கிராப்பா?"

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு. "லெம் ஹாட்ஜ்தானே? நீ இன்னும் திருந்தலியா?"

என் கத்தி கீழே விழுந்தது. தும்மலிலேயே பெயர் சொல்லும் ஆள் உலகத்தில் ஒருத்திதான்.

"வெர்னா?"

"அவர் வீட்டு நம்பருக்கு ரொம்ப நேரமா அடிக்கறேன், யாரும் எடுக்கல. நேத்து டிவியில அந்தப் படம் போட்டாங்க லெம். ஒரு கை வந்துது. நான் எழுந்து போய் எங்க வீட்டு வாசல்ல நின்னுட்டேன். ஏன் நிக்கறேன்னு எனக்கே தெரியல. அம்மாவுக்கு என்னவோ ஆயிடுச்சுன்னு பொண்ணு பயந்துட்டா."

"வீட்டுக்காரர்?"

"அவர் போய்ச் சேந்துட்டார். நல்ல மனுஷன். எல்லிஸ ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நான் சொல்லி அனுப்பினது அவர் காதுல விழுந்துதா, இல்லியா? விழுந்தும் வரலியா? அது மட்டும் தெரிஞ்சா போதும்."

எனக்கே பதில் தெரியும். சொல்லியிருக்கலாம். ஆனால் அது என் வாயால் வர வேண்டிய பதில் இல்லை.

"வெர்னா, அவன் உள்ள பெஞ்சுல இருக்கான். நம்ம பையன் ஒருத்தன்... என்ன சொல்றது... ஒரு அடி இல்லாம எறிஞ்சுக்கிட்டிருக்கான். உன் நம்பரக் குடு. ஆட்டம் முடிஞ்ச ஒடனே..."

"ஆட்டம் முடியட்டும்" என்றாள் அவள். கோபமே இல்லை அந்தக் குரலில். "சரி லெம். அன்னிக்கும் ஆட்டம்தானே நடந்துது."

"வெச்சுடாத!" என்று கத்தினேன். "பாஸ்டர், இதப் பிடிங்க. லைன் போச்சுன்னா உங்க இன்னொரு கன்னம் எந்த ஜென்மத்திலயும் சவரமாகாது!"

பாஸ்டர் நுரையோடு போனை வாங்கி, "கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக" என்று ஆரம்பித்தார். நான் ஓடினேன். நான் கடைசியாக ஓடியது பள்ளிக்கூடத்திலிருந்து.

பெஞ்சில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. ட்வெய்ன் மேட்டின் மேல் நின்று பந்து பிடிப்பவனின் சைகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் டச் குறுக்கே வந்து கையைத் தூக்கினான். ஆர்வில் வாயைப் பொத்திய அதே கை.

"வாயத் தொறந்த, தொலைச்சுடுவேன்" என்று உதட்டை மட்டும் அசைத்தான்.

நான் திறந்தேன். எனக்கு இருப்பது ஒரே வாய், அதைக் கடவுள் கொஞ்சம் பெரிதாகவே வைத்தார்.

"கொக்கு! வெர்னா போன்ல இருக்காடா!"

கோதுமைக் கிடங்கில் மோதி அந்தச் சத்தம் திரும்பி வந்தது. மேட்டின் மேல் ட்வெய்ன் திடுக்கிட்டான். பந்து கையிலிருந்து கிளம்பிவிட்டது, சாதுவாக, அடி என்னை என்பது மாதிரி. டணார்! அது வேலிக்கு மேலே போய், என் கணக்கில் இன்னும் இறங்கவில்லை.

ஊர் மொத்தமும் என்னைப் பார்த்துத் திரும்பியது. அன்றைக்கு என் குடும்பத்தைப் பற்றி நான் கேட்ட புதுச் செய்திகள் ஏராளம். ஒரு தொப்பி, ஒரு செருப்பு, பாதி தின்ற சோளக் கதிர் எல்லாம் வந்தன.

டச் என்னை அடிக்கவில்லை. அவன் எல்லிஸிடம் திரும்பினான். எல்லிஸ் எழுந்து நின்றான், தலை பெஞ்சுக்கு மேலிருந்த கூரையில் இடித்தது, அது அவனுக்குத் தெரியவில்லை.

"போடா" என்றான் டச். தூக்கிய கையாலேயே அவனைத் தள்ளினான். "ஓடு. நின்னுக்கிட்டிருக்கியே, ஓடேன்டா!"

எல்லிஸ் கிழக்கு வாசல் வழியாக ஓடினான். முட்டி தேய்ந்த கொக்கு ஓடுவது பார்க்க அழகாக இருக்காது. ஆனால் ரோட்டை இரண்டே எட்டில் தாண்டினான்.

நான் போய்ச் சேர்ந்தபோது பாஸ்டர் கடை வாசலில் நின்றார், எல்லிஸ் அவரை வெளியே அனுப்பியிருந்தான். நுரை கன்னத்திலேயே காய்ந்திருந்தது. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தோம். எல்லிஸ் சுவரைப் பார்த்து நின்றான்.

"நான்தான்" என்றான்.

பிறகு வெகு நேரம் கேட்டான்.

"இல்ல வெர்னா. ஒரு வார்த்தை விழல. விழுந்திருந்தா பந்த அங்கயே போட்டுட்டு வந்திருப்பேன்."

மறுபடி கேட்டான். அந்தப் பக்கம் அவள் அழுதாளா, சிரித்தாளா, எனக்குத் தெரியாது. அவன் முதுகு மட்டும்தான் தெரிந்தது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, வலது கையை முஷ்டியாக மடக்கி, பந்து இருப்பது மாதிரி, இடது முழங்கையில் தேய்த்தான். இரண்டு முறை. நடுவில் பாலைவனமும் மலையுமாகக் கிடக்கிற அத்தனை தூரத்தில், போன் கம்பியில் அதை அவள் எப்படிப் பார்ப்பாள்?

"அவருக்கு என்ன ஆச்சு?" என்று பாஸ்டர் கேட்டார்.

"அரிப்பு, பாஸ்டர்" என்றேன். "வாங்க, நிச்சயமா நேரமாகும். மிச்சக் கன்னத்த மைதானத்துக் குழாயடியில முடிச்சுடுவோம்."